மதியத்தில் நடப்பவள்

செப். 9, திங்கள்
காலையிலிருந்து தூறல். இடது தொடையில் பிளேட் வைத்த இடம் குடைகிறது. அந்தக் காலை இன்னும் ஊன்றக் கூடாது. வெள்ளிக்கிழமை எக்ஸ்ரே. எலும்பு கூடவில்லையென்றால் மகன் ரவி என்னைப் பூனாவுக்கு அழைத்துப் போய்விடுவான். இந்தப் பட்டாபிராம் ஃபிளாட் வாடகைக்குப் போகும். அவர் போன பிறகும் தனியாக நிர்வகித்த வீடு. விடுவதாக இல்லை.

வாங்க: பஞ்சு, நீல மை, ரஸ்க் (சென்ற முறை நமுத்தது).

கீழ் வீட்டு பாத்திமா சூப் கொண்டுவந்தாள். "நல்லா நடக்குறீங்க போல ஆன்ட்டி. மதியமானா வாக்கர் சத்தம் கேக்குது, டக் டக்னு."

மதியம் நான் காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருப்பேன். வாக்கர் ஹாலில். பகலில் என்னைப் பார்த்துக்கொள்ளும் செல்வி, சாப்பிட வீட்டுக்குப் போகுமுன் அதை எட்டாத இடத்தில் வைத்துவிடுவாள். மேல் வீட்டுச் சத்தமாயிருக்கும் என்றேன். மேலே மொட்டைமாடி.

செப். 10
புழுக்கம். மாத்திரை போடவில்லை, தெளிவாக இருக்க. ஹாலில் கோலமாவு தூவச் சொன்னேன். எறும்புக்கு என்று பொய். செல்வி தூவிவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்ததும்:

"இன்னாம்மா, கிருஷ்ண ஜெயந்தி போயி எவ்ளோ நாளாச்சு, இப்ப கால் போட்டு வெச்சிகீறே? அதுவும் ஒத்தக் கால்."

சக்கர நாற்காலியில் போய்ப் பார்த்தேன். வாக்கரின் நான்கு புள்ளிகள், நடுவே ஒரு பாதம். மறுபடி நான்கு, மறுபடி பாதம். இடது. குதிகால் உட்பட முழுப் பதிவு. கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். என் கால். நான் ஊன்றக் கூடாத கால்.

"திருட்டுத்தனமா நடந்துட்டு நடிக்கிற நீ. டாக்டராண்ட சொல்றேன் பாரு."

'நீ' என்பதை இவளிடம் இன்னும் திருத்த முடியவில்லை. மாவைத் துடை என்றேன்.

செப். 12
வலி அதிகம். பாத்திமா: "வாக்கரை விட்டுட்டீங்களா ஆன்ட்டி? இப்ப காலடி மட்டும்தான். வேகமா வேற."

மதியத்தில் நடக்கிறாளே, அவள் தேறுகிறாள். நான் தேறவில்லை. பொறாமை என்றே எழுதுகிறேன்.

இன்று தூங்காமல் காத்திருந்தேன். கதவுக்கு அப்பால் அடிகள், சீராக. கான்வென்ட் வராந்தாவில் சிஸ்டர்கள் எனக்குப் பழக்கிய நடை. காலை இழுக்காமல், நிமிர்ந்து. ஒவ்வோர் இடது அடிக்கும் என் தொடையில் ஒரு குத்து.

செப். 13, வெள்ளி
எலும்பு கூடவில்லை. ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது.

டாக்டர்: "மறைக்காதீங்க மேடம். கால் ஊன்றாம இப்படி ஆகாது."

ஊன்றவில்லை என்றேன். நம்பவில்லை. என்னைப் பொய் சொல்கிறவளாக இந்த வாரத்துக்கு முன் யாரும் பார்த்ததில்லை.

செப். 14, சனி
ரவி வந்தான். வந்ததும் என் புடவைகளைப் பெட்டியில் அடுக்கினான். மடிப்பு சரியில்லை. பாத்திமா வாசலில்:

"ஆன்ட்டியை ஏன் கூட்டிட்டுப் போறீங்கண்ணா? தினமும் ஜம்முனு நடக்குறாங்களே."

ரவி என்னைப் பார்த்தான். "எங்கேம்மா, நடந்து காட்டு."

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தேன். எழவில்லை. அதற்குள் என் படுக்கையறையில் காலடிச் சத்தம். தொடையில் குத்து. ரவி திரும்பினான்.

"உள்ள யாரும்மா?"

யாருமில்லை என்றேன். அவன் போய்ப் பார்த்தான். வந்தபோது முகம் வெளுத்திருந்தது. என் முகத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்தான். இன்று ராத்திரி ரயிலுக்கே கிளம்பலாம் என்கிறான்.

நான் போனால் இங்கே அவள்தான் இருப்பாள், என் காலோடு. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.