காஜா, உன் அகலக் குழாயை வெட்டியாச்சு

அன்பு மச்சான் காஜாவுக்கு,

அன்பை முதல் வரியிலேயே எழுதி முடித்துவிட்டேன். மிச்சமெல்லாம் உன் மேலே உள்ள ஆத்திரம். நம் இயற்பியல் துறை மலருக்கு உன்னைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதுப்பா, கூடவே இருந்தவன் நீதானே" என்றார் துறைத்தலைவர். கூடவே இருந்ததால்தான் நல்ல வார்த்தை வரமாட்டேங்குது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். நான் உன்னிடம் பேசுகிறேன்.

ஹெல்மெட் எங்கலே இருந்தது? பெட்ரோல் டாங்க் மேலே. குற்றாலத்தில் சாரல், ஆழ்வார்குறிச்சி தாண்டி வளைவு, ரோடெல்லாம் ஈரம், வண்டியோ இரவல். தலையில் இருக்க வேண்டியதை டாங்க்கில் மாட்டிக்கொண்டு அப்படி என்ன அவசரம் உனக்கு? எதையும் ஒரு சுற்று அதிகமாகத் திருகினால்தான் உனக்குத் திருப்தி. வண்டியின் ஆக்ஸிலேட்டரிலும் அப்படி, ஆய்வகத்தில் கரண்ட் கூட்டுகிற திருகிலும் அப்படி.

நீ போனதும் எல்லோரும் சேர்ந்து உன்னை மேதை ஆக்கிவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது உனக்கு ரெக்கார்டு எழுதிக் கொடுக்க மறுத்தவனெல்லாம் இப்போது "காஜா செஞ்ச லேசர்" என்று கண் கலங்குகிறான். நீ செய்தது லேசர் இல்லை. விரல் நுழைகிற அகலத்தில் ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே ஹீலியமும் நியானும். கரண்ட் கொடுத்தால் சிவப்பாக எரிந்தது. மேலப்பாளையத்தில் உன் வாப்பா ஜவுளிக்கடைக்கும் ஓட்டலுக்கும் செய்து மாட்டுகிற நியான் போர்டும் அப்படித்தான் எரியும்.

அந்தச் சண்டை நினைவிருக்கா? ஆய்வகத்தில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார்களே. நம் லேசர்க் குழாயின் உள்விட்டம் பேனா ரீஃபில் அளவுதான் இருக்கவேண்டும் என்று நான் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தேன். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுப் பட்டறையில் அகலக் குழாயை ஊதி எடுத்துக்கொண்டு வந்து நின்றாய்.

"ஏலே, எங்க வாப்பா நான் பொறக்கும் முன்னேயே நியான் ஊதுதாரு. எனக்குக் கேஸைப் பத்திப் பாடம் எடுக்காத."

"உங்க வாப்பா போர்டு செய்யுதாரு. நாம என்ன ஓட்டலா திறக்கப் போறோம்?"

"வெளிச்சம்னா வெளிச்சம்தாம்லே. குழாய் பெருசுன்னா அணு கூட. அணு கூடன்னா வெளிச்சம் கூட. இதுக்கு எதுக்கு மூணு பக்கம் கணக்கு?"

"அணு கூடதான். எந்த எனர்ஜிப் படியில நிக்கு? அதைச் சொல்லு முதல்ல."

"மேல ஏத்துனா மேல நிக்கும். கரண்டைக் கூட்டுலே, பயந்தாங்கொள்ளி!"

எல்லாரும் சிரித்தார்கள். நீ கரண்டைக் கூட்டினாய். குழாய் இன்னும் ஜோராக எரிந்தது. குழாயின் இரு முனைக்கும் நேராக நான் நிறுத்தியிருந்த ஆடிகளைத் தாண்டி ஒரு பொட்டு ஒளிகூட வரவில்லை.

அன்றைக்கு நீ என்னை முழுசாகச் சொல்லவே விடவில்லை. இப்போது குறுக்கே பேச உன்னால் முடியாது. கேள்.

எங்கள் தாத்தா காலத்தில் விற்றுப்போன வயல்களை நினைத்துக்கொள். மேல்வயலில் தண்ணீர் கூட நிற்க வேண்டும், கீழ்வயலில் குறைவாக நிற்க வேண்டும். மேலே இருந்து கீழே விழுகிற அந்த விழுகைதான் நமக்கு வேண்டிய சிவப்பு ஒளி. மேலே கூட்டமாகவும் கீழே காலியாகவும் அணுக்கள் இருப்பதைத்தான் வகுப்பில் பாப்புலேஷன் இன்வர்ஷன் என்று ஒப்பித்தோம். ஒரு கணம் அப்படி ஆக்குவது பெரிய காரியமில்லை. நாள் முழுக்க அப்படியே நிறுத்தவேண்டும். அப்படி நிறுத்துவதற்கு மேலே பாய்ச்சினால் மட்டும் போதாது. கீழ்வயல், தனக்கு வருவதைவிட வேகமாக வடிய வேண்டும். வடிகால் அடைத்துக்கொண்டால் நீ எத்தனை பம்புசெட் போட்டாலும் இரண்டு வயலும் ஒரே வெள்ளம்.

நம் குழாயில் பாய்ச்சுகிறவன் ஹீலியம். கரண்டில் அடி வாங்கி, வாங்கின சக்தியை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்து, மோதுகிற நியானிடம் கொடுத்துவிடுவான். நியான் நேராக மேல்வயலுக்குப் போகும். சிவப்பைக் கொடுத்துக் கீழ்வயலுக்கு வரும். அங்கிருந்தும் சட்டென்று இன்னொரு படி இறங்கிவிடும். அதுவரை எல்லாம் நமக்குச் சாதகம். ஆனால் அந்தக் கடைசிப் படியில் நியான் மாட்டிக்கொள்கிறது மச்சான். ஒளியைக் கொடுத்து அங்கிருந்து இறங்க அதற்கு வழியில்லை. போய்க் குழாயின் சுவரில் முட்டினால்தான் தரைக்கு வரும். சுவர்தான் வடிகால்!

அதனால்தான் ரீஃபில் அளவு. ஒடுங்கிய குழாயில் எந்த அணுவுக்கும் சுவர் பக்கத்திலேயே இருக்கும். உன் குழாயில் சுவர் எங்கேயோ இருந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட நியானைக் கரண்ட் மறுபடி உதைத்துக் கீழ்வயலுக்கே ஏற்றியது. நீ திருகத் திருக உதை கூடியது. கண்ணுக்கு வெளிச்சம் கூடியது, லேசர் கிட்டவே வரவில்லை. போர்டுக்காரன் வீட்டில் பிறந்தவன் நீ, பிரகாசத்தைப் பார்த்து நம்பிவிட்டாய்.

தப்பு செய்ததற்காக எனக்குக் கோபமில்லை. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் "ஏன் வேலை செய்யவில்லை?" என்று கேட்டபோது என் பக்கம் கை காட்டினாயே, அதற்காக. "டியூப் நல்லா எரியுது சார். மிர்ரர் ஒத்து வரல. அது சங்கரன் செட் பண்ணினது." கூசாமல் சொன்னாய். நான் உன்னோடு பேசாமல் இருந்தேன். திங்கள்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ குற்றாலம் போனாய்.

திங்கள்கிழமை நான் யாரிடம் பேசுவது?

இனி இங்கத்திய செய்தி. துறை விழாவில் உன் பேரில் ஒரு மேசை. அதில் உன் குழாய், உன் படம், மாலை. உன் வீட்டார் வருகிறபோது ஸ்விட்சைப் போடுவது என் வேலை. "சார், இது லேசர் இல்லை" என்றேன். துறைத்தலைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவங்களுக்கு என்ன தெரியப் போகுது சங்கரன்? சிவப்பா ஏதாச்சும் எரிஞ்சா போதும்" என்றார்.

"அவங்க வீட்டுத் தொழிலே சிவப்பா எரியுறதுதான் சார்."

அவர் "முடிஞ்சா நீயே ஏதாவது செய்" என்று போய்விட்டார்.

செய்தேன். ஒடுங்கிய குழாயைத் தனியாக வாங்கி, அடைத்து, உன் வாப்பாவிடமே கேஸ் நிரப்பிக்கொண்டு வந்தேன். அதே ஆடிகள் மச்சான், நான் வைத்த அதே ஆடிகள். எதிர்ச்சுவரில் சிவப்பாகப் பொட்டு வந்தது. ஆய்வகத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தால் நான் குதித்ததைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்த வாரமே பொட்டு மங்கி அணைந்தது. ரீஃபில் அளவு இடத்தில் எவ்வளவு கேஸ் இருக்கும்? மின்முனை கொஞ்சம் தின்றது, ஹீலியம் கொஞ்சம் கசிந்தது, அவ்வளவுதான், காலி. சுற்றிலும் கேஸ் சேமித்துவைக்கப் பெரிய இடம் வேண்டும். நடுவில் ஒடுங்கிய குழாய், அதைச் சுற்றி அகலக் குழாய்.

ஆய்வகத்தில் இருந்த அகலக் குழாய் ஒன்றே ஒன்று, நீ ஊதியது. அந்த அகலத்துக்குப் பொருந்தி, ஒளி வெளியே போக அதன் இரு முனையிலும் சாய்வாக ஒட்டிய ஜன்னல் கண்ணாடிகளும் அந்த ஒரு ஜோடிதான். இன்னொரு ஜோடி வரவழைப்பதற்குள் விழா முடிந்துவிடும்.

எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் உன் வாப்பா குழாயை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது அவன் ஊதுனது. இதை நான் வெட்ட மாட்டேன்."

"வெட்டலைன்னா இது வேலை செய்யாது மாமா."

"செய்யாண்டாம். கெடக்கட்டும். அவன் மூச்சு இதுக்குள்ள இருக்குலே."

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நீதான் என்னைத் தெரிந்தவனாச்சே. "மூச்சு இல்ல மாமா. பம்பு போட்டு அதை எப்பவோ வெளியே எடுத்தாச்சு. காத்து ஒரு துளி இருந்தாலும் இது எரியாது" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை உனக்கு எழுத எனக்குத் தெரியவில்லை. பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கூட பர்னரை அணைத்துவிட்டார். குழாயை மடியிலேயே வைத்துக்கொண்டு வாப்பா சொன்னார்: "அவன் உன்னயப் பத்திச் சொன்னது சரிதாம்லே. நீ மனுசப்பயலே இல்ல."

"வேற என்ன சொன்னான்?"

"கணக்கு தப்பாப் போட மாட்டான்னு சொன்னான்."

எப்போ சொன்னாய் இதை? தேர்வாளர் முன்னால் நின்று என் மேல் கை காட்டிய அன்றைக்கா? வீட்டில் வந்து சொல்லத் தெரிந்தவனுக்கு என் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லையா? கேட்டேன், அவருக்கு நாள் நினைவில்லை.

பர்னரை அவரே பற்றவைத்தார். உன் குழாயைக் கோடு கீறி, சூடு காட்டி, பைய வெட்டினார். உள்ளே என் ஒடுங்கிய குழாயைச் செருகி மறுபடி ஒட்டினார். கேஸ் நிரப்பி, ஆடிகளை நான் ஒத்துப் பார்த்து, பைய கரண்ட் கொடுத்தேன். உள்குழாய் மட்டும் ஒல்லியாக எரிந்தது. உன் அகலக் கண்ணாடி எரியாமல், கேஸை வைத்துக்கொண்டு சும்மா சுற்றி நின்றது. பட்டறைச் சுவரில் பொட்டு வந்தது.

வாப்பா கிட்டப் போய்ப் பார்த்தார். "இம்புட்டுப் பொட்டுக்காகவாலே ரெண்டு பேரும் அம்புட்டுச் சண்டை போட்டீங்க?"

"ஆமா மாமா."

"இதை வச்சு ஒரு டீக்கடைக்குக்கூடப் போர்டு எழுத முடியாதுலே" என்றார். பிறகு அந்தப் பொட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு எடுக்கவேயில்லை.

வாரங்கள் ஆகிவிட்டன, இன்னும் எரிகிறது. இன்னொன்றும் கவனித்தேன். லேசர் ஓட ஆரம்பித்ததும் மேல்வயலின் உபரி ஒரே மட்டத்தில் நின்றுவிடும், ஆடிகளில் தொலைகிற ஒளிக்கு ஈடுகட்டுகிற அளவில். அதற்கு மேல் நாம் பாய்ச்சுவதெல்லாம் ஒளியாக வெளியே போய்விடும். "அப்ப ஏம்லே கரண்டைக் கூட்டக் கூடாது?" என்று நீ கேட்பாய். கொஞ்ச தூரம் வரைக்கும் நீ சொல்வது சரி மச்சான். அதற்கு மேல் கீழ்வயல் நிரம்பிவிடும், பொட்டு மங்கும். எந்த இடத்தில் சரி தப்பாகிறது என்று உன்னோடு உட்கார்ந்து திருகிப் பார்க்க வேண்டும். நீ கூட்ட, நான் குறைக்க. வேறு யாரோடு செய்தாலும் இதில் சண்டை வராது.

விழாவில் உன்னை மேதை என்று எவன் சொன்னாலும் எழுந்து மறுப்பேன், இது சத்தியம். உன் குழாய் தனியாக லேசர் ஆகவில்லை என்பதை உன் வீட்டார் முன்னாலேயே சொல்வேன். உன் குழாய் இல்லாமல் என்னுடையது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்வேன். மேசையில் வைக்கிற அட்டையில் எழுதியாச்சு: வெளிக்கண்ணாடி காஜா, உள்குழாய் சங்கரன், ஒட்டியது காஜாவின் வாப்பா. கரண்ட் திருகின் மேல் கை வைக்க எவனையும் விடமாட்டேன்.

நீ வந்து கேட்டால் மட்டும் ஒரு சுற்றுக் கூட்டித் தருவேன்.

கணக்கு தப்பாமல் போடுகிற, மனுசப்பயலே இல்லாத,
உன் மச்சான் சங்கரன்