உமையாள் ஆச்சி வெளியேறினார்

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையிலிருந்து மேகமூட்டம். இதோ வருகிறேன் என்று போக்குக் காட்டிவிட்டு மழை கல்லல் பக்கம் போய்விட்டது. துவைத்த துணி காயவில்லை.

'காரைக்குடி தோழிகள்' வாட்ஸப் குரூப்பில் விளம்பரம் போட வெள்ளிக்கிழமை மட்டும்தான் அனுமதி. ஆடி முழுக்கத் தையல் மிஷின் சும்மா கிடக்கிறது. ஆவணியில் வரிசையாக முகூர்த்தம். கல்யாண ஜாக்கெட் ஆர்டர் இப்போது பிடித்தால்தான் உண்டு. எனக்கு வருகிறதில் முக்கால்வாசி அந்தக் குரூப்பிலிருந்துதான். விடிந்ததும் போட்டேன். ஆரி வேலை செய்த நாலு ஜாக்கெட், ஒரே படமாக ஒட்டி.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் காணோம். அட்மின் உமையாள் ஆச்சி நீக்கிவிட்டார். கீழே அறிவிப்பு, ஊரே பார்க்கிற மாதிரி, என் பேரைப் போட்டு: "ஒரு விளம்பரத்துக்கு ஒரு படம்தான். செல்வி நாலு படத்தை ஒட்டிப் போட்டு ஏமாற்றியிருக்கிறார். ஒரு மாதம் விளம்பரம் போடக் கூடாது."

ஏமாற்றினேனாம்.

போன் போட்டேன்.

"ஆச்சி, நான் ஒரு படம்தானே போட்டேன்?"

"படம் ஒண்ணு. ஜாக்கெட்டு நாலுல்ல."

"ஆவணி வருது ஆச்சி. இப்ப விட்டா எனக்கு ஆர்டரே வராது. இப்படிச் சொல்றீகளே."

"ஐப்பசியில முகூர்த்தம் வராமயா போயிரும்? அப்பப் போடு."

வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 9, சனி

வாங்க வேண்டியது: ஜரிகை நூல், கொக்கி, பாத்திரம் துலக்குகிற சோப்பு.

குரூப்பில் மீனாவின் போட்டோ. மீனா ஆச்சியின் தங்கை, வீட்டில் வைத்துக் கண்டாங்கிச் சேலை விற்கிறாள். கோயில் வாசலில் மாம்பழக் கலர் கண்டாங்கி கட்டிக்கொண்டு நிற்கிறாள். மேலே, 'ஆடி வெள்ளி தரிசனம்'. கீழே வரிசையாக: சேலை சூப்பர். என்ன விலை? வேற கலர் இருக்கா? எல்லோருக்கும் மீனாவின் ஒரே பதில்: "தனியா மெசேஜ் பண்ணுங்க, சொல்றேன்."

இது விளம்பரம் கிடையாதாம்.

"சாமி தரிசனமா, சேலை தரிசனமா?" என்று கேட்டுப் போட்டேன். ஆச்சி அதையும் அழித்தார். காரணம்: தெய்வத்தைக் கேலி செய்யக் கூடாது.

சரி ஆச்சி. இருங்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில். நேற்று முழுக்கப் போனை நோண்டினேன். கண் எரிச்சல். சமையல் வெறும் ரசம். வீட்டுக்காரர் அதையே ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனார், நல்லவேளை.

மீனா இதுவரை போட்ட படங்களை எல்லாம் தோண்டி எடுத்தேன். காதுகுத்து. வளைகாப்பு. காரைக்குடி ஜங்ஷனில் யாரையோ வழியனுப்பினது. பல் டாக்டர் கிளினிக் வாசல். எல்லாவற்றிலும் புதுக் கண்டாங்கி, எல்லாவற்றிலும் முந்தானையை விரித்துப் பிடித்தபடி. ஒவ்வொன்றாக இன்று காலை குரூப்பில் இறக்கினேன். தலைப்பு: 'விளம்பரம் இல்லாத போட்டோக்கள்'.

தேவகோட்டை டீச்சர் ஒருவர் கேட்டிருந்தார்: "பல்லு புடுங்கப் போகையிலயுமா புதுச்சேலை?" அதற்குக் குரூப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், மிஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, வயிறு வலிக்க.

பதினோரு மணி வாக்கில் ஆச்சி: "இந்தக் குரூப்பைப் பிள்ளையாட்டம் வளத்தேன். மரியாதை இல்லாத இடத்துல எனக்கு என்ன வேலை." அடுத்த வரி, சின்ன எழுத்தில்: உமையாள் ஆச்சி வெளியேறினார்.

கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறேன் இதை. பந்திக்கு முதலில் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டு மண்டபத்து வாசல் வரை போவார்கள். தாண்ட மாட்டார்கள். ரெண்டு பேர் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆச்சியும் அந்தக் கணக்கில்தான் போயிருக்கிறார். ஆனால் வாட்ஸப்பில் வாசலில் நிற்க முடியாது. அமுக்கினால் வெளியேதான்.

நாலைந்து பேர் கும்பிடு பொம்மை போட்டார்கள். வேறு யாராவது கூப்பிடுவார்கள் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மும்தாஜ் போன். செக்காலையில் இருக்கிறாள், வீட்டுக்காரர் குவைத்தில். குரூப்பில் ஒரு நாளும் வாய் திறக்காதவள்.

"செல்வியக்கா, என்னைய அட்மின்னு காட்டுதுக்கா. நான் எதையுமே அமுக்கல. போன்ல வைரஸ் எதும் வந்துருச்சா?"

புரிந்துவிட்டது. ஆச்சி தன்னைத் தவிர யாரையும் அட்மின் ஆக்கியதில்லை, தங்கச்சியைக்கூட. இருந்த ஒரே அட்மின் போனால் வாட்ஸப் அதுபாட்டுக்கு யாரையாவது ஆக்கிவிடும். இவள் தலையில் விழுந்திருக்கிறது.

"மீனாக்கா வேற காலையில இருந்து கூப்பிடுறாக. பயந்துக்கிட்டு எடுக்கல."

"எடுக்காத. நான் சொல்றதை அமுக்கு."

என்னை அட்மின் ஆக்கினாள். நான் அவளை விடுவித்தேன். 'அல்ஹம்துலில்லாஹ்' என்று வாய்ஸ் நோட் அனுப்பினாள். எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

செய்தது:
- என் தடை ரத்து.
- ஜாக்கெட் படங்கள் மறுபடியும். இந்த முறை தனித்தனியாக, நாலும். புதன்கிழமை.
- மீனாவுக்கு ஒரு மாதம் தடை. காரணம் எழுதவில்லை.

சாயங்காலத்துக்குள் ஆர்டர்: தேவகோட்டை ஒன்று, பள்ளத்தூர் ஒன்று, நேமத்தான்பட்டிப் பெண்ணுக்கு முகூர்த்த ஜாக்கெட், கழுத்து முழுக்க ஆரி வேலை. அட்வான்ஸ் உடனே வந்தது.

விளக்கு வைக்கிற நேரம் ஒரு அறிவிப்பு. உமையாள் ஆச்சி குரூப்பில் சேர அனுமதி கேட்கிறார். யாரோ லிங்க் கொடுத்திருக்கிறார்கள். அட்மின் அனுமதித்தால்தான் உள்ளே வர முடியும் என்பது அவரே போட்ட பூட்டு.

ஏற்கலாம், மறுக்கலாம். இரண்டையும் தொடவில்லை. மறுத்தால் என்னைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார். கிடக்கட்டும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

குரூப் முழுக்கக் கொடிப் படம். அனுமதி கேட்டது அப்படியே இருக்கிறது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே அதைத்தான் திறந்து பார்க்கிறேன்.

மீனா போன் பண்ணினாள். தடையைப் பற்றிப் பேசவே இல்லை.

"அக்கா சரியாச் சாப்பிடல. ஒரு வார்த்தை வந்து கூப்பிட்டா வந்துருவாக. நீ கூப்பிட்டாக்கூடப் போதும்."

"கூப்பிட நான் யாரு? அவுகளாத்தானே போனாக."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார் வீட்டுக்காரர். "ஆர்டர்தான் வந்துருச்சுல்ல. உள்ள விட்ரு."

இவருக்குச் சொன்னால் விளங்காது. ஏமாற்றியிருக்கிறார் என்று எழுதினாரே, அதை என் நாத்தனார் படித்தாள், மாமியாரிடம் வாசித்தும் காட்டினாள். படத்தை அழித்த ஆச்சி அதை மட்டும் அழிக்கவே இல்லை. இப்போதும் மேலே தள்ளிப் பார்த்தால் இருக்கிறது; இத்தனை நாள் கழித்து என்னாலும் அழிக்க முடியாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒண்ணு. ஆச்சி போன மாதம் தைக்கக் கொடுத்த ஜாக்கெட் ஒன்று முடிந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு நானே போனேன். பார்க்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

முகப்பில் நாலு நாற்காலி, துடைத்துப் போட்டிருந்தது. டீப்பாய்மேல் தட்டில் சீப்புச் சீடை, மூடி வைத்து.

"யாரும் வாராகளா ஆச்சி?"

"யாரும் இல்ல. சும்மா போட்டுருக்கு. நீ உக்காரு."

ஜாக்கெட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் கொஞ்சம் வாடித்தான் இருக்கிறார். டீ கொடுத்தார், குடித்தேன். நீ ஏமாத்தினதா எழுதிட்டேன், மனசுல வைக்காத என்று சொல்வாரா என்று பார்த்தேன். மழையைப் பற்றிப் பேசினார். நானும் மழையைப் பற்றியே பேசினேன். சீடை ரெண்டு எடுத்துக்கொண்டேன். எழுந்தேன்.

வாசல் வரைக்கும் வந்தார்.

"குரூப்பு எப்படிப் போகுது, செல்வி?"

வாங்க ஆச்சி என்று ஒரு வார்த்தை. அதற்குத்தான் நின்றார்.

"நல்லாப் போகுது ஆச்சி" என்றேன்.

தலையை ஆட்டினார். உள்ளே போகவில்லை. நான் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அங்கேயே நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். திரும்பிப் பார்க்கவில்லை.