பேராசிரியர் மூடிய குழி

17.8.1974, சனிக்கிழமை. மெல்பேர்ன்.

காலையில் பேராசிரியர் ஹெல்முட்டுடன் மண் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். நகரத்துக்கு வெளியே, பனிப்புகார் மூடிய மேய்ச்சல் நிலம். ஆடுகள் தெரியவில்லை, அவற்றின் சத்தம் மட்டும் மிதந்து வந்தது. நான் மண்வெட்டியை எடுக்குமுன் அவர் தோண்டத் தொடங்கிவிட்டார். ஐம்பத்தைந்து வயதில் அத்தனை வேகம்.

"எங்கே பழகினீர்கள்?" என்று கேட்டேன்.

"ரஷ்யாவில். ஜேர்மன் படையில் இருந்தபோது" என்றார், இடுப்பளவு குழிக்குள் நின்றபடி.

மண்ணைப் பைகளில் இட்டதும் அவரே குழியை மூடினார். என்னைத் தொட விடவில்லை. அடிமண் முதலில், மேல்மண் பிறகு. கடைசியில், வெட்டி வைத்திருந்த புல்லை மண்ணோடு பொருத்திக் கையால் தடவிவிட்டார். திரும்பிப் பார்த்தால் குழி இருந்த இடமே தெரியவில்லை. எவ்வளவு அழகான வேலை என்று வழி முழுக்க வியந்துகொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவி சரோவிடமும் அதையே சொன்னேன், அவர் ரஷ்யாவில் பழகிய கதையையும் சேர்த்து. நாளை மதியம் அவர் எங்களோடு சாப்பிடுகிறார். அதற்காகக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

"ரஷ்யாவில அவர் மூடின குழியளுக்குள்ள என்ன கிடந்ததாம்?"

"நான் கேக்கேல்லை."

"நாளைக்கு எங்கட பிள்ளையைத் தூக்க ஆசைப்படுவார். குடுக்கிறதோ?"

அறைக்கு வந்து நாட்குறிப்பை எடுத்தேன். இதை எழுதும்போதும் கண் சொருகுகிறது. கண்ணை மூடினால் பேராசிரியரின் கை புல்லைத் தடவுகிறது, மெதுவாக, நித்திரையான பிள்ளையின் தலையைத் தடவுவது போல.