மேற்படி

மார்ச் 3, செவ்வாய்

இன்று முப்பத்தோரு வண்டி. ஜல்லி பதினாறு, மணல் ஒன்பது, மிச்சமெல்லாம் பழைய இரும்பு. சரக்கோடு ஒரு எடை, காலியாக வந்தால் ஒரு எடை, கழித்தால் தீர்ந்தது. லாரிக்கு அவ்வளவுதான் சோதனை. எனக்குப் பதினொன்று.

இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் நான் முடிக்க வேண்டியவை என்று டாக்டர் கொடுத்த பட்டியல் அது. ரத்தம், இதயம், உள்ளே குழாய் விட்டுப் பார்ப்பது, தூக்கப் பரிசோதனை, மனநல ஆலோசகர். இவற்றோடு ஏழு கிலோ குறைத்துக் காட்ட வேண்டும்.

"எடை குறையணும்னுதானே டாக்டர் வந்திருக்கேன்? அதுக்கு முன்னாடியே குறைக்கணுமா?"

"ஈரல் சுருங்கணும்மா. இல்லன்னா கருவி உள்ள போக வழி இருக்காது."

நூற்று முப்பத்து நான்கு கிலோ. வயது நாற்பத்து நான்கு. எடைமேடை அறைக்கு ஒன்பது படி. போன வருடம் நடுவில் ஒரு முறை நின்றேன், இந்த வருடம் மூன்று முறை. படி ஏற முடியாத நாள் வந்தால் வேலை போகும். வேலை போனால் நான் வீட்டை விட்டு வெளியே வர ஒரு காரணமும் இல்லை. அதுதான் எனக்குப் பயம், முட்டி வலி கூட இல்லை.

உணவு ஆலோசகர் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறாள். நான்கு கட்டம். நேரம், என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, யாருடன். அதில் அடங்காததை எழுத இந்த நாட்குறிப்பை நானே வாங்கினேன்.

மார்ச் 4, புதன்

ஒரு முட்டை, ஒரு வெள்ளரிக்காய், அரைக் கிண்ணம் தயிர். யாருடன் என்ற கட்டத்தில் என்ன எழுத? "தனியாக" என்று எழுதினேன்.

மார்ச் 10, செவ்வாய்

உணவு ஆலோசகரிடம் நோட்டைக் காட்டினேன். ஒல்லிக்குச்சிப் பெண், பென்சிலால் வரிவரியாகத் தட்டிக்கொண்டே போனாள். சாப்பாட்டில் குறை சொல்லவில்லை. நான்காவது கட்டத்தில் பென்சில் நின்றது.

"இது என்ன மேடம், மேற்படி மேற்படின்னு?"

முதல் வரியில் தனியாக என்று எழுதியிருக்கிறேன், அதற்குக் கீழே எல்லாம் மேற்படி. பதிவேட்டில் ஒரே கம்பெனி வண்டி வரிசையாக வந்தால் அப்படித்தான் எழுதுவேன். பன்னிரண்டு வருடப் பழக்கம்.

"அப்படிப் போடாதீங்க. ஒவ்வொரு தடவையும் முழுசா எழுதுங்க. எழுதும்போதுதான் நமக்கே தெரியும்."

எனக்குத் தெரியாதா? தெரிந்ததால்தானே மேற்படி போட்டேன்.

மார்ச் 21, சனி

நேற்று ராத்திரி தூக்கப் பரிசோதனை. தலையிலும் மார்பிலும் கம்பி ஒட்டிப் படுக்க வைத்து, காலையில்தான் கழற்றிவிட்டார்கள். அதை விடுங்கள். அதற்கு முன்னால் ஒரு படிவம். "தூக்கத்தில் குறட்டை விடுவீர்களா? மூச்சு நின்று வருகிறதா? உடன் உறங்குபவரைக் கேட்டு எழுதவும்."

தலையணையைக் கேட்டு எழுதவா என்று அங்கிருந்த ஆளிடம் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குத்தான் வந்தது, அதுவும் வீட்டுக்கு வந்ததும் போய்விட்டது.

ஒரு மணி நேரத்தில் நாற்பத்தோரு முறை மூச்சு நிற்கிறதாம். இத்தனை வருடமாக அதைக் கேட்க ஆளில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

மனநல ஆலோசகர் என் வயது இருப்பார். நிறையக் கேள்வி கேட்பார் என்று பயந்து போனேன். ஒன்றுதான் கேட்டார்.

"எப்பலேர்ந்து தனியா சாப்பிடுறீங்க?"

பதில் நாக்கு நுனியில் இருந்திருக்கிறது, எனக்கே ஆச்சரியம். எனக்குப் பதினைந்து வயது. வீட்டில் விருந்தாளிகள். தட்டு ஒன்று குறைந்தது. "அவளுக்குத் தட்டு எதுக்கு, பாத்திரத்தையே குடுங்க" என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடச் சத்தமாக. மறுநாளிலிருந்து எல்லோரும் எழுந்த பிறகு அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிடுவேன். யாரும் கேட்கவில்லை, ஏன் என்று.

"இப்ப வேலை பாக்கிற இடத்துல?" என்றார்.

ஒன்றரை மணிக்குத் தாழ்ப்பாள் போட்டு, திரையை இழுத்துவிட்டுச் சாப்பிடுவேன் என்றேன். டிரைவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஃபுல் லோடு. அவர்கள் பார்க்க நான் வாயைத் திறந்து ஒரு கவளம் வைக்க மாட்டேன். இதை அவரிடம் சொல்லவில்லை. தாழ்ப்பாளோடு நிறுத்திக்கொண்டேன்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பதினொன்றில் எட்டு முடிந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

மானம் போயிற்று.

ஆபரேஷன் படிவத்தில் "துணை" என்று ஒரு இடம். நான் கோடு கிழித்து "இல்லை" என்று எழுதியிருந்தேன். கோப்பு பார்க்கும் நர்ஸ் எல்லோருக்கும் முன்னால் கூப்பிட்டு, "துணை இல்லைன்னா ஆபரேஷன் இல்லைம்மா" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"கல்யாணம் ஆகாதவங்களுக்கு வைத்தியம் பாக்க மாட்டீங்களா?"

வரிசையில் ஒரு ஆள் களுக்கென்று சிரித்தான். நர்ஸ் கண்ணாடியைக் கழற்றினாள்.

"புருஷனைக் கேக்கலைம்மா. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு வாரம் கூட இருந்து பாத்துக்க ஒரு ஆள். அண்ணன், தங்கச்சி, சிநேகிதி, யாரா இருந்தாலும் சரி. கையெழுத்தும் போன் நம்பரும் வேணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்!

ஏப்ரல் 12, ஞாயிறு

அண்ணனுக்குப் போன் செய்தேன். நான்கு மணி நேரப் பயணத் தொலைவு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேசுவோம், இரண்டு நிமிடம்.

"வாயைக் கட்டத் தெரியலன்னா வயித்தை அறுத்துக்குவியா?" என்றான். பிறகு குரலை இறக்கி, "இங்க எனக்கே ஆயிரம் வேலை. அண்ணிக்கும் முடியலை. இதெல்லாம் வேண்டாம், நடந்து பாரு" என்றான்.

நடந்து பாராம். நடந்து அவன் வீட்டுக்கே போய் நின்றால் என்ன செய்வான்?

ஏப்ரல் 13, திங்கள்

போனில் இருக்கும் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குழாய் ரிப்பேர். கேஸ். கண் டாக்டர். பல் டாக்டர். சூப்பர்வைசர். அண்ணன். ரெண்டு மணி.

ரெண்டு மணி என்பது அடுத்த ஷிப்ட் பெண். டிரைவர்கள் வைத்த பெயர்தான், மணி அடித்தாற்போல் வந்து நிற்பாள். பதினொரு வருடமாக ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பார்க்கிறேன். பேப்பர் ரோல் மாத்தியாச்சு, பூஜ்யம் சரியா நிக்குது, மூணாவது வண்டிக்காரன் சண்டை போட்டான், வரேன். இவ்வளவுதான் பேச்சு. என் லீவுக்கும் சேர்த்து வண்டி எடை போடப்போகிறவள் அவள். அவளிடம் போய், என் வீட்டில் வந்து படுத்துக்கொள் என்று எந்த வாயால் கேட்பது?

ஏப்ரல் 16, வியாழன்

துணை என்ற இடத்தில் அண்ணன் பெயரை எழுதி, அவன் கையெழுத்தை நானே போட்டேன்.

எனக்கு இது புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் அவன் மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தவள் நான்தான். அப்போது மட்டும் தங்கச்சி வேண்டியிருந்தது. போன் நம்பர் கட்டத்துக்கு என்னிடம் வேறு எண் இல்லை, அவன் எண்ணையே எழுதினேன்.

ரெண்டு வாரம்தானே. தண்ணீரும் கஞ்சியும் நானே எடுத்துக் குடிக்க மாட்டேனா?

மே 7, வியாழன்

நூற்று இருபத்தாறு புள்ளி எட்டு. ஏழு கிலோவும் போயிற்று. ஜூன் 9-ஆம் தேதி குறித்துவிட்டார்கள்.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வண்டி இல்லாத நேரம் பார்த்து எடைமேடையில் போய் நின்றேன். அது பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். மார்ச்சிலும் 130, இப்போதும் 130. வெளியே வேப்பமரத்தடியில் ரெண்டு மணி நின்றுகொண்டிருந்தாள். சட்டென்று இறங்கிவிட்டேன்.

மே 27, புதன்

ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் வெறும் நீர் ஆகாரம். இரண்டாவது நாள். தலை வலிக்கிறது. ஒரு டிரைவர் வாழைப்பழம் தின்றுகொண்டே சீட்டு வாங்கினான். அவன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது, பாவம், அவன் என்ன செய்வான்.

ஜூன் 2, செவ்வாய்

எல்லாம் போயிற்று.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னால் துணையாக இருப்பவரைக் கூப்பிட்டு, காயத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று சொல்லித்தருவார்களாம். அது எனக்குத் தெரியாது. இன்று காலை அண்ணனுக்குப் போன் போயிருக்கிறது. எப்ப ஆபரேஷன், யார் கையெழுத்து என்று கேட்டிருக்கிறான்.

நர்ஸ் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

"ஏழு கிலோவை நேர்மையா இறக்கினீங்க. இதுல இப்படிப் பண்ணிட்டீங்களேம்மா. ராத்திரி திடீர்னு உங்களுக்கு ஒண்ணு ஆனா, அந்தக் கையெழுத்தா எழுந்து வந்து கதவைத் திறக்கும்?"

தேதி ரத்து. இந்த மாதம் 18-ஆம் தேதிக்குள் நிஜமான ஆளை நேரில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள், பதினொன்றும் மறுபடி முதலிலிருந்து.

அண்ணனும் கூப்பிட்டான். "என் பேர்ல என்ன வேணா எழுதுவியா?" என்று ஆரம்பித்தான். பிறகு, "அவ்வளவு முடியலையா உனக்கு?" என்றான். வைத்துவிட்டேன். என்னடா கேள்வி இது. முடியாமல்தானே... முப்பது வருஷமாக முடியாமல்தானே.

ஜூன் 3, புதன்

பிஸ்கட், இரண்டு பாக்கெட். ஒன்றரை மணி. தாழ்ப்பாள் போட்டு.

நோட்டில் எழுதினேன். மேற்படி போடாமல் முழுசாக எழுதினேன். தனியாக.

ஜூன் 5, வெள்ளி

லீவை ரத்து செய்யச் சொல்லிக் கடிதம் எழுதி மேஜைமேல் வைத்திருந்தேன். ஷிப்ட் மாறும்போது ரெண்டு மணி அதைப் படித்துவிட்டாள்.

"ஏன்க்கா? ஆபரேஷனுக்குன்னுதானே லீவு போட்டீங்க?"

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் மூன்று நாளாக யாரிடமும் பேசவில்லை. வாயைத் திறந்ததும் கையெழுத்து வரைக்கும் எல்லாம் கொட்டிவிட்டது. அவள் ரோல் மாற்றிக்கொண்டே கேட்டாள்.

"என்னை ஏன் கேக்கலை?"

"உன்னைக் கேட்டா வண்டியை யாரு எடை போடுறது?"

"அதுக்கு நம்ம இன்னொரு யார்டுலேர்ந்து ஆள் போடச் சொல்லலாம். அதை விடுங்க. என்னை ஏன் கேக்கலை?"

பத்து நிமிடப் பழக்கத்தில் எப்படிக் கேட்பது என்று ஏதோ முணுமுணுத்தேன்.

"பத்து நிமிஷமா? நான் தினம் ஒன்றரை பஸ்ஸுல வந்து இறங்குறேன்க்கா. அடுத்த பஸ் ரெண்டேகாலுக்கு. மேல வந்தா தாழ்ப்பாள். நீங்க சாப்பிடுற நேரம்னு தட்ட மாட்டேன். அந்த மரத்தடியில நின்னே சாப்பிட்டுட்டு, ரெண்டு மணிக்கு ஏறி வருவேன். பதினோரு வருஷமா."

கீழே ஒரு மணல் வண்டி ஹாரன் அடித்தது. அவள் உட்கார்ந்து எடை போட ஆரம்பித்தாள். நான் படி இறங்கி, மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். மண் அந்த இடத்தில் மட்டும் கெட்டித்துப் போயிருக்கிறது.

யார் யாரை வெளியே நிறுத்தியது? அண்ணனை மட்டுமே திட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 8, திங்கள்

இன்று தாழ்ப்பாள் போடவில்லை. ஒன்றரைக்குக் காலடிச் சத்தம் கேட்டதும் கை தாழ்ப்பாள் வரை போய்த் திரும்பியது, முப்பது வண்டியைத் தனியாகச் சமாளிக்கிறவளுக்கு.

எனக்கு முட்டையும் காயும். அவளுக்கு ரொட்டி. அவள் என் டப்பாவைப் பார்க்கவே இல்லை, சூப்பர்வைசரின் புது மீசையைப் பற்றியே பேசினாள். சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது.

ஜூன் 18, வியாழன்

அவளே வந்தாள். நர்ஸ் முன்னால் உட்கார்ந்து, சந்தேகம் கேட்டு, காயம் துடைப்பதை இரண்டு முறை செய்து காட்டச் சொன்னாள். அவளுடைய முழுப் பெயரை அந்தப் படிவத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

உறவு என்ற இடத்தில் "மாற்று ஆள்" என்று எழுதினாள்.

"இது என்னம்மா உறவு?" என்றாள் நர்ஸ்.

"அவங்க எழுந்தா நான் உக்காருவேன். நான் எழுந்தா அவங்க உக்காருவாங்க."

நர்ஸ் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், முத்திரை குத்தினாள். ஜூலை 14.

ஜூலை 12, ஞாயிறு

அண்ணனுக்குத் தேதியை மட்டும் அனுப்பினேன். "சரி" என்று பதில் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து, "சாப்பிட்டியா?" என்று இன்னொன்று. அவன் அதைக் கேட்டதே இல்லை. நீர் ஆகாரம்தான் என்று எழுதி அனுப்பினேன்.

ஜூலை 16, வியாழன்

உட்கார முடிகிறது. வயிற்றில் ஐந்து சின்ன ஓட்டை, இருமினால் உயிர் போகிறது. பக்கத்து நாற்காலியில் ஒருத்தி வாயைத் திறந்து தூங்குகிறாள். குறட்டை விடுகிறாள். எழுந்ததும் சொல்ல வேண்டும்.

மூச்சு ஒரு முறைகூட நிற்கவில்லையாம் எனக்கு, தூங்கும்போது மூச்சுக்கு மெஷின் போட்ட பிறகு. ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, விடிந்ததும் அதைச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

நோட்டை மறக்காமல் கொண்டுவந்திருக்கிறேன். திட்டினால் திட்டட்டும் அந்த ஒல்லிக்குச்சி.

காலை 9.10. தண்ணீர். மூன்று வாய். யாருடன்: ரெண்டு மணி.
9.30. தண்ணீர். மூன்று வாய். மேற்படி.
9.50. தண்ணீர். இரண்டு வாய். மேற்படி.
10.10. தண்ணீர். மூன்று வாய். மேற்படி.