கனவு என்று ஒட்டிய முடிவு

நவம்பர் 4

கூட்டத்தில் திரைப்பட விழாத் தலைவர் டாக்டர் ஹாஸிம் சிரித்தார். "ஃபிக்ரி ஷனூதாவுக்குப் பாராட்டா? பறக்கிற படகு காட்டினவருக்கா? இனாஸ், அது சின்னப் பசங்க சமாச்சாரம்மா."

சந்தில் உட்கார்ந்து அழும் பெண்களைப் படமெடுத்தால் மேதை. அதே சந்தை வானத்துக்குத் தூக்கினால் கோமாளி. என்ன நியாயம் இது? பெருநாளுக்குப் பெருநாள் தொலைக்காட்சியில் அந்தப் படகுப் படம்தான். கெய்ரோ முழுக்க வசனம் மனப்பாடம். கேட்டால் "லுத்ஃபி படம்" என்பார்கள். நடித்த லுத்ஃபி இறந்தே போய்விட்டார். எடுத்தவர் ஷுப்ராவில் நான்காவது மாடி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 9

விடவில்லை. சண்டை போட்டு வாங்கிவிட்டேன். விழாவின் கடைசி நாள் மாலைக் காட்சி அவருக்கு.

நவம்பர் 12

உஸ்தாத் ஃபிக்ரி வீட்டுக்குப் போனேன். நைல் வற்றுகிறது, வானத்திலிருந்து படகு இறங்குகிறது, பூலாக் பேட்டை மொத்தமும் ஏறிப் போகிறது — அவர் எடுத்த படம் அங்கேயே முடிகிறதாம். லுத்ஃபி சலூன் நாற்காலியில் விழித்து, "அட, எல்லாம் கனவு" என்று சிரிக்கும் காட்சி தயாரிப்பாளர் வேறு இயக்குநரை வைத்து எடுத்து ஒட்டியது. எனக்கே இன்றுதான் தெரியும்.

படகுக்கு அத்தனை வெளிச்சம் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"பணம் எங்கம்மா இருந்துச்சு? பூலாக் பொம்பளைங்க துணி காயப்போடுற கயித்துல அவங்கவங்க வீட்டு விளக்கைக் கட்டிக் கொடுத்தாங்க. அவங்களையெல்லாம் ஏத்தி விட்டுட்டு, கனவுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

நவம்பர் 13

அந்தக் காட்சி இல்லாமல் திரையிடலாம் என்றேன். ஹாஸிம் முறைத்தார். "லுத்ஃபி மகன் முன்வரிசையில உட்காருவாரு. அவங்கப்பா சிரிக்கிறதை வெட்டணுமா? பேசாம இரு."

அட போங்கய்யா. நீங்களும் உங்க விழாவும்.

நவம்பர் 14

உஸ்தாதிடம் சொன்னேன். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். அவர் மேலும் கோபம் வருகிறது. கத்தினால் என்ன குறைந்துவிடும் மனுஷனுக்கு?

நவம்பர் 21

கேடயத்தில் "குழந்தைகளின் இயக்குநர்" என்று பொறித்திருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அரங்கம் நிறைந்திருந்தது; பாதிப் பேர் உஸ்தாதின் ஷுப்ராக்காரர்கள். திரையில் படகு மேலேறியது, கடைசி விளக்கும் சிறுத்து மறைந்தது. இதோ வந்துவிடும் அந்தப் பாழாய்ப்போன நாற்காலி என்று நான் தலையைக் குனிந்தேன். அப்போது உஸ்தாத் கைத்தடியை ஊன்றி எழுந்தார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, நெஞ்சில் கை வைத்து நின்றார்.

விழா நாயகர் எழுந்தால் யார் உட்கார்ந்திருப்பார்கள்? அரங்கமே எழுந்து கைதட்டியது. படம் முடிந்ததென்று விளக்கைப் போட்டார்கள். வெளிறிய திரையில் லுத்ஃபி வாயசைத்தார்; ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் மகனும் திரைக்கு முதுகு காட்டிக் கைதட்டிக்கொண்டிருந்தார். ஹாஸிமும்தான்.

திரை அணையும்வரை உஸ்தாத் உட்காரவே இல்லை.

நவம்பர் 24

உஸ்தாத் தொலைபேசியில் கூப்பிட்டார். ரொட்டிக்கடைக்காரர், மருந்துக்கடைப் பெண், மாடிப்படியில் எதிரே வருகிறவர்கள், எல்லோரும் அவரை நிறுத்தி, பூலாக் ஜனங்கள் எங்கே போனார்கள் என்று கேட்கிறார்களாம்.

"என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்லையேம்மா."