கதவோரக் கண்ணாடி

ஜூலை 14, திங்கள்

விடியும் முன்பே சாரல். இன்னும் விடவில்லை. மாடித் தொட்டி மூடி காற்றில் பறந்து பக்கத்து வீட்டு முருங்கையில் தொங்குகிறது. கேட்டு வாங்க வேண்டும்.

காலை ஏழு மணிக்கு மனைவி ரெங்கநாயகியோடு விளையாட்டு. (இனி ரெ. மட்டும். முழுப்பேர் எழுதினால் நோட்டு தீர்ந்துவிடும்.) அவளுக்குச் சிங்கப்பூரில் நர்ஸ் வேலை, எனக்கு ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் கடை, நடுவில் கடல். இரவு டியூட்டி முடிந்து வந்து தூங்கப் போகுமுன் ஒரு மணி நேரம் எனக்குத் தருகிறாள். போனில் பேசிக்கொண்டே கம்ப்யூட்டரில் ஒரு மலை வீட்டைச் செப்பனிடுகிறோம். ஆளுக்கொரு பொம்மை, அதன் கண்ணுக்கு எதிரே இருப்பது மட்டும்தான் திரையில் தெரியும். கூரை ஓடு மாற்றுவது, கத்தரி நடுவது, காணாமல் போன ஆட்டைத் தேடுவது. நிஜ வீட்டில் சேர்ந்து ஓர் ஆணி அடித்ததில்லை. இதில் ஒரு வீடே எழும்பிவிட்டது.

ஆட்டத்தை முடிக்க வாசல் கதவைத் திறந்து வெளியே போக வேண்டும். அப்போதுதான் செய்த வேலை பதிவாகும். கை நீட்டுவதற்குக்கூட ஒரு பட்டன் உண்டு. ஒருவர் கை நீட்டி மற்றவரும் அழுத்தினால் இருவரும் கைகோத்துக்கொண்டு வாசல் தாண்டுவார்கள். முதல் நாள் செய்து பார்த்தோம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பொம்மைக்கு இல்லாத வெட்கம். அதோடு சரி.

முடிக்கும்போது சொன்னாள். ஆஸ்பத்திரியில் மேலும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்களாம். வெள்ளிக்குள் பதில். நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டாள்.

"உன் இஷ்டம்" என்றேன்.

பெருந்தன்மையாகப் பேசிவிட்டதாக நினைப்பு. அடுப்பில் தோசை கருகி அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஜூலை 15, செவ்வாய்

செய்ய வேண்டியவை: மில் ஆபீஸ் பிரிண்டர். தொட்டி மூடி (இன்னும் வாங்கவில்லை). கேஸ் புக்கிங். ரெ.-யிடம் பேசுவது.

பிரிண்டர் மட்டும் முடிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பல் டாக்டர் கடைக்கு வந்தார். அறுபதை நெருங்குகிறார். பேரன் கம்ப்யூட்டரில் விளையாடுவதைப் பார்த்து இவருக்குப் பிடித்துக்கொண்டது. ரே டிரேசிங் உள்ள பெரிய கிராபிக்ஸ் கார்டுதான் வேண்டுமாம். வழக்கமாக எல்லாரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். பழைய முறையில் வெளிச்சத்தை முன்கூட்டியே தீட்டி வைத்துவிடுவார்கள். இதில் வெளிச்சம் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று கார்டு அந்த நொடியிலேயே கணக்குப் போடும். கணக்குப் போட்டுப் போட்டு ஆட்டம் திக்கும். கிடைக்கிற லாபம், தரையில் தேங்கிய தண்ணீரில் விளக்குக் கம்பம் தெரியும், கண்ணாடியில் உங்கள் மூஞ்சி தெரியும். ஊர் முழுக்கத் தம்பட்டம் அடிப்பது இதற்குத்தான். ஓடி ஒளிந்து சுடுகிற அவசரத்தில் எவன் தண்ணீரைக் குனிந்து பார்க்கிறான்?

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "நாள் பூரா அடுத்தவன் வாய்க்குள்ள லைட் அடிக்கேன் அண்ணாச்சி. எனக்குன்னு ஒரு நல்ல வெளிச்சம் பாக்க வேண்டாமா?"

ஆர்டர் எடுத்துக்கொண்டேன்.

கடையின் மறு பாதியில் செல்போன் கவர் விற்கும் காதர் அண்ணன் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் போனதும் ஆரம்பித்தார். "ஏலே, வாங்க வந்தவர வேண்டாம் வேண்டாம்னு வெரட்டுத. வேணுங்கிறதுக்கு வாயத் தொறக்க மாட்டேங்க. நீயெல்லாம் எப்படிலே குடும்பம் நடத்துத?"

கார்டைப் பற்றித்தான் சொன்னார். எனக்குத்தான் எங்கோ போய்த் தைத்தது.

ஜூலை 16, புதன்

வெயில். மூடி கிடைத்தது, விரிசலோடு.

இன்று மலை வீட்டின் அடுப்படி முடிந்தது. ஜன்னல் வைத்தோம். ரெ. வேலையை விட்டுவிட்டுச் சும்மா நின்றாள். தூங்கிவிட்டாளோ என்று கூப்பிட்டேன்.

"நம்ம அடுப்படியில காலைல விழுமே, அதே வெயிலு. அந்தச் செவப்புத் தரையில பட்டு சுவரு லேசா செவக்கும்ல, அதுகூட இருக்கு. செத்த நேரம் பாக்கேன்."

அவள் ஆடுவது அறைத்தோழியின் மெஷினில். அந்த மலையாளப் பெண்ணுக்குப் பகல் டியூட்டி, மெஷின் சும்மா கிடக்கிறது. புதுசு. எல்லா வெளிச்சமும் உண்டு. என்னுடையது கடையில் விலைபோகாமல் கிடந்த கார்டு. என் திரையில் சுவர் சுவராகத்தான் இருந்தது, மாவு நிறத்தில். அதைச் சொல்லியிருக்கலாம். நானோ கடைப் பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டேன். இதெல்லாம் சும்மா ஏமாத்து, சிவப்பைக் கொஞ்சம் தூக்கலாகக் கலந்து விட்டிருப்பான், நாலு நாள் பார்த்தால் சலித்துவிடும் என்று.

அவள் ஆட்டுக்குத் தழை போடப் போனாள்.

போனை வைத்ததும் அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். வெயில் விழுந்திருந்தது. சுவர் சிவந்துதான் இருக்கிறது. இத்தனை வருஷம் இங்கே நின்று காப்பி குடித்திருக்கிறேன், ஒரு நாள் கண்ணில் பட்டதில்லை. அவள் அங்கே உட்கார்ந்து இதைப் பார்க்கிறாள். எனக்கு அவள் இங்கே வேண்டும், இந்தச் சுவர் ஓரமாக, ஈரத் தலையோடு. இதை இந்த நோட்டில் எழுத வருகிறது. வாயில் வரமாட்டேன் என்கிறது.

ஜூலை 17, வியாழன்

ஸ்ரீவி. போனேன், ஒரு ஸ்கூல் லேப்டாப்பைக் கொடுக்க. அப்படியே அத்தை வீடு. ரெ.-யின் அம்மா. எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொன்னாலும் பால்கோவாவை இலையில் வைத்து நீட்டுகிறார். சாப்பிட்டேன். அத்தை முழங்கால் வலி பற்றிப் பேசினார், தேருக்கு வடம் வந்துவிட்டதா என்று பேசினார். கடைசியில் மெல்ல, "அவ வாராளா, இல்ல அங்கனயே இருக்கப் போறாளா? ஒங்ககிட்ட எதும் சொன்னாளா மாப்ள?"

அவள் இஷ்டம்தான் என்றேன். அத்தை என்னைப் பார்த்த பார்வை நன்றாயில்லை.

கோயிலுக்குள் போய்விட்டு பஸ் ஏறினேன். கோயிலில் எல்லாரும் குனிந்து முகம் பார்க்கும் கண்ணாடிக் கிணற்றருகே ஒரு புது ஜோடி. கல்யாணமான புதிதில் நாங்களும் எட்டிப் பார்த்தோம். என் முகம் தெரிகிறதா என்று நான் குனிந்துகொண்டிருந்தேன். "ஒங்களையே பாருங்க, பக்கத்துல ஒருத்தி நிக்கேன்" என்றாள் ரெ. அன்றைக்குச் சிரித்தோம்.

கடை திரும்பினால் டாக்டரின் கார்டு வந்திருக்கிறது. பெட்டியே அரிசி மூட்டை கனம். கொடுக்கும் முன் எப்போதும் இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்ப்பேன். நாளைக்கு மாட்டலாம்.

ஜூலை 18, வெள்ளி

இன்று சொல்லிவிடுவது என்று இருந்தேன். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். நன்றாக வந்தது.

ஏழுக்குக் கரண்ட் போய்விட்டது. லைன் வேலையாம். டவரும் சரியில்லை, பேச்சு உடைந்து உடைந்து விழுந்தது. மெசேஜ் அனுப்பினாள்: "இன்னைக்கு சாயங்காலம் ஆபீஸ்ல சொல்லணும். என்ன செய்யட்டும்?"

"வந்துரு" என்று அடித்தேன். பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அங்கே மரியாதையான வேலை, பிடித்த வேலை. நான் சொல்லி வந்து, பிற்பாடு என்னால்தான் என்று ஆகிவிட்டால்? அழித்தேன். "நல்லா யோசிச்சு செய்" என்று அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

சாயங்காலம் டாக்டர் கார்டைக் கடை மெஷினில் மாட்டலாம் என்றால் பெட்டியில் இடம் பற்றவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து என் மெஷினில் மாட்டினேன்.

ஜூலை 19, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஏழுக்கு ஆட்டம். எல்லா வெளிச்சத்தையும் போட்டேன். ரெ.-யிடம் சொல்லவில்லை. பழிப்பாள். அடுப்படிச் சுவர் சிவந்திருந்தது, அவள் சொன்ன மாதிரியே. சரி, நன்றாகத்தான் இருக்கிறது. ஆட்டமும் திக்கவில்லை. முடிவு பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கத்தரி பறித்தோம்.

முடித்துவிட்டு வாசலுக்கு வந்தேன். கதவுக்குப் பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. என் பழைய கார்டில் அது குளியலறைக் கண்ணாடி மாதிரி, ஆவி படிந்து, சாம்பலாக. அதில் எதுவும் தெரிந்ததே இல்லை. இன்று தெரிந்தது. என் பொம்மை, மண்வெட்டியோடு. அதன் பின்னால் அவள்.

கை நீட்டிக்கொண்டு நின்றாள்.

தற்செயலாக இருக்கும் என்று நினைத்தேன். நகராமல் பார்த்தேன். கை கீழே இறங்கவில்லை.

"பின்னாடி என்ன பண்ணுத?" என்று கேட்டேன்.

"தெனமும்தான் நீட்டுதேன். நீங்க கண்ணாடியப் பாத்துக்கிட்டே கதவத் தொறந்து போயிருவீங்க. இன்னைக்கு என்ன புதுசா கேக்கீங்க?"

கடையில் நாள் முழுக்க இதைத்தான் விளக்குகிறேன். கண்ணாடியில் மூஞ்சி தெரியும், அவ்வளவுதான் என்கிறேன். அவள் திரையில் கண்ணாடி கண்ணாடியாக இருக்கும், என் திரையில் இருக்காது, அவள் பின்னால் நிற்பது எனக்குத் தெரியாது என்பதை அவளுக்கு யார் சொல்வது? எனக்கே தோன்றவில்லை. சொன்னேன். என் கார்டு பழசு, அந்தக் கண்ணாடி எனக்கு வெறும் சாம்பல், இன்று டாக்டர் கார்டு போட்டதால்தான் உன்னையே பார்க்கிறேன் என்று. தலைகால் புரியாமல் சொன்னேன்.

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றாள்.

கையைப் பிடிக்க எந்தப் பட்டன் என்று மறந்துவிட்டது. ஒவ்வொன்றாக அழுத்தினேன். என் பொம்மை குதித்தது, உட்கார்ந்தது, மண்வெட்டியைக் கீழே போட்டது. அதற்குள் அறைத்தோழி மெஷினுக்கு வந்துவிட்டாள், அவளுக்கு இன்று லீவாம். ரெ. போய்விட்டாள். கண்ணாடியில் நான் மட்டும், பின்னால் காலி அறை. அதுவும் துல்லியமாகத் தெரிந்தது.

கடை திறக்கவில்லை. தலைவலி என்று காதர் அண்ணனிடம் பொய்.

ஜூலை 20, ஞாயிறு

ரெ.-க்கு லீவு. ஆட்டம் வேண்டாம் என்று நேராகக் கூப்பிட்டேன். யோசித்தால் வராது என்பதால் அவள் ஹலோ சொன்னதுமே சொன்னேன்.

"வந்துரு ரெங்கா. எனக்கு நீ இல்லாம முடியல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "இத திங்கக்கெழமை சொல்லிருந்தா நான் எதுக்குப் போடுதேன்? நான் இல்லாட்டியும் ஒங்களுக்கு ஒன்னுமில்லன்னுல்ல நெனச்சேன்."

திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டேன். முடியாதாம். இரண்டு வருஷம் கேட்டதற்கு ஒரு வருஷம் மட்டும் போட்டிருக்கிறாள். ஏன் ஒன்று என்று கேட்டதற்கு, "ரெண்டு போட மனசு வரல" என்றாள். பிறகு அழுதோம், பிறகு அத்தையின் முழங்காலைப் பற்றிப் பேசினோம். கோயில் கொடியேற்றம் பார்க்கப் போன அத்தை வீடியோ அனுப்பியிருக்கிறாராம். அதில் அவர் விரல்தான் தெரிகிறதாம்.

ஒரு வருஷம். ஒரு சொல்லை விழுங்கியதற்கு.

ஜூலை 21, திங்கள்

கார்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். இன்னும் ஒரு நாள் வைத்துக்கொள், டாக்டர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்றார் காதர் அண்ணன். அடுத்தவர் பொருள். வைத்துக்கொள்ள மனசு கேட்கவில்லை என்பதும் உண்மை, கொடுக்க மனசில்லை என்பதும் உண்மை.

டாக்டர் வந்து வாங்கினார். நீங்கள் ஓட்டிப் பார்த்தீர்களே, சொன்ன மாதிரி வெறும் தம்பட்டம்தானா என்று கேட்டார். முக்கால்வாசி தம்பட்டம்தான் என்றேன். மீதி கால்வாசி என்ன என்றார். கண்ணாடி ஏதாவது வந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள் என்றேன். ஏதோ தொழில் ரகசியம் என்று நினைத்து தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

உனக்குன்னு ஒரு கார்டு எடேன்லே என்கிறார் காதர் அண்ணன். பார்ப்போம்.

பழைய கார்டை மாட்டிவிட்டேன். ஃபேன் உறுமுகிறது.

ஜூலை 22, செவ்வாய்

மீண்டும் சாரல், ஆனால் நடுநடுவே வெயிலும் அடிக்கிறது. கேஸ் இன்னும் புக் பண்ணவில்லை.

ஏழுக்கு ஆட்டம். மாவு நிறச் சுவர். சுவர் இன்று அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ரெ. ஜன்னல் ஓரம் நின்று எனக்காகச் சொன்னாள், எது வரை சிவப்பு, எங்கே மங்குகிறது என்று. போனைக் கையில் எடுத்துக்கொண்டு நம் அடுப்படியில் போய் நின்று ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஒரு மணி நேரமும் வேலை ஒன்றும் நடக்கவில்லை, ஆடு மறுபடியும் காணோம்.

வாசலுக்கு வந்தோம். பட்டன் எது என்று ஒரு சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டி வைத்திருந்தேன். கண்ணாடி பழையபடி சாம்பல், ஒரு நிழல்கூட இல்லை. கதவில் கை வைக்காமல் திரும்பினேன்.

நின்றுகொண்டிருந்தாள். கை நீட்டியபடி.