வேலியை ஒட்டி நின்ற மாதா

சிட்னி மேற்கு,
அக்டோபர் கடைசி ஞாயிறு.

அன்பு மகள் ரோசானுக்கு,

உன் சித்தப்பா லெலி எழுதுவது. நானும் சித்தி ஜீசாவும் சுகம், கோழிகளும் சுகம், ஒன்று மட்டும் அடைக்கு உட்கார்ந்துகொண்டு யாரையும் கிட்டே விடுவதில்லை. கனடாவில் அந்தப் பனிக்குள்ளே நீயும் மாப்பிள்ளை நீலும் குட்டி லூக்காவும் கைகால் விறைக்காமல் இருக்கிறீர்கள் என்று சேதி வந்தால்தான் எங்களுக்குச் சாப்பாடு இறங்கும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் பேசினால் சித்தி பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்லும் ஒவ்வொன்றையும் திருத்துவாள், கடிதத்தில் அது நடக்காது, அவள் மூக்குக்கண்ணாடி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். போன மாதம் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. “சித்தப்பா, வீட்டு நீச்சல் குளத்துக்கு ஒழுங்கா சான்றிதழ் வாங்குங்க. இல்லாட்டி கிறிஸ்துமஸுக்கு நாங்க மோட்டல்லதான் தங்குவோம், லூக்கா உங்க வீட்டுல கால் வைக்க மாட்டான்” என்றாய். மூன்று வயதுப் பேரனை நான் மோட்டல் வரவேற்பறையில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டுமாம். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு. ஆனால் நீ குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள். கோடையில் வேலை முடிந்து வந்து, காரை விட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பாய், என்னம்மா என்று கேட்டால், ஒன்றுமில்லை சித்தப்பா, இன்றைக்கும் குளத்திலிருந்து ஒரு குழந்தை என்பாய். அதனால் நான் மறுபேச்சுப் பேசவில்லை. பக்கத்து வீட்டு ஸ்பீருவிடம் மட்டும், நீ இங்கே வெயில் எப்படி என்று விசாரித்ததாகச் சொல்லி வைத்தேன்.

நகராட்சிக் கவுன்சிலுக்குச் சொல்லி அனுப்பினேன். இந்த வட்டாரத்தில் நம் குளத்தைப் போல இன்னொன்று கிடையாது என்பது அவர்களுக்கே தெரியும், அதனால்தான் இருப்பதிலேயே பெரிய அதிகாரியை அனுப்பினார்கள். கெய்லீன் என்று பெயர், அகலத் தொப்பி, கையில் ஒரு அளவுக்கோல், முகத்தில் ஒன்றும் இல்லை. சித்தி சீஸ் வைத்த பஸ்திட்சிப் பலகாரம் தட்டு நிறையச் சுட்டு வைத்திருந்தாள். அந்த அம்மா தொடவில்லை, வேலை முடியுமுன் தின்றால் லஞ்சம் ஆகிவிடுமாம். முடிந்து எங்களைத் தோற்கடித்த பிறகு நின்றபடியே வரிசையாக எடுத்துத் தின்றாள், அப்போது அது லஞ்சம் ஆகாதாம். நான் முதலிலேயே சட்டம் பேசினேன். அம்மா, இது பழைய குளம், நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் நான் என் கையால் தோண்டியது, பழைய குளத்துக்குப் பழைய சட்டம்தான் என்றேன். அவள் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டு, வேலி நல்ல வேலியாக இருக்கிறதே என்று ஒரு வார்த்தை சொன்னாள். நான் உண்மையைத்தான் சொன்னேன், பழைய வேலியை முழுக்கப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரே பகலில் ஒற்றை ஆளாக இதைப் போட்டேன், மேயரே காரை நிறுத்தி இறங்கிப் பார்த்துவிட்டுப் போனார் என்று. அப்படியென்றால் இது புது வேலி, புது வேலிக்குப் புது சட்டம் என்று எழுதிக்கொண்டாள். சித்தி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கேட் எந்த இடத்தில் விட்டாலும் தானாகவே வந்து மூடித் தாழ் விழ வேண்டுமாம். நம் கேட்டைச் சித்தி ஏப்ரன் நாடாவால் கம்பத்தோடு கட்டி வைத்திருப்பாள், உனக்குத் தெரியும், இரண்டு கையிலும் மக்கரோனித் தட்டு இருக்கும்போது எதைக்கொண்டு கேட்டைத் திறப்பது. அந்த நாடாவைக் கெய்லீன் அவிழ்த்து மடித்துச் சித்தி கையில் கொடுத்தாள், செத்த பாம்பைக் கொடுப்பது போல. வேலியோரத் துளசித் தொட்டிகள் எல்லாம் தள்ளிப் போக வேண்டும், குழந்தை ஏறி நிற்குமாம். அடுத்தது அறிவிப்புப் பலகை, மூச்சு நின்றவனுக்கு மூச்சு ஊதுவது எப்படி என்று குளத்தருகே படத்தோடு மாட்ட வேண்டும் என்பது சட்டம். கடையில் விற்கிறதை வாங்குகிற ஆளா நான், பலகையை இழைத்து எண்ணெய் வண்ணத்தில் நானே வரைந்திருந்தேன், மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்த அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். “லெலி, இவங்க ரெண்டு பேரும் தேன்நிலவுக்கு வந்த மாதிரில்ல இருக்கு” என்றாள். ஓவியம் புரிந்தவர்கள் கவுன்சிலில் குறைவு.

இதெல்லாம் சில்லறை. பெரிய விஷயம் மாதா. உனக்கு இரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து டாக்டர்கள் கையை விரித்தபோது சித்தி நேர்ந்துகொண்டதும், நீ பிழைத்து வந்ததும் நான் சிமெண்டில் அச்செடுத்து மாதாவைச் செய்து, கல் அடுக்கிக் குகை போலக் கெபி கட்டிப் பின்கட்டில் நிறுத்தியதும் உனக்கே தெரிந்த கதை. அன்றைக்கு வேலி வேறு பக்கம் இருந்தது. புது வேலி போட்டபோது மாதாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று பக்கத்திலேயே ஓட்டிவிட்டேன். கெய்லீன் கோலை வைத்து அளந்தாள், மறுபடி அளந்தாள். வேலியிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டருக்குள் ஏறக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது, இவர்கள் இருக்கிறார்கள் என்றாள். சித்தி முந்திக்கொண்டு, இவங்க மாதா என்றாள். தெரிகிறதம்மா, யாராக இருந்தாலும் தொண்ணூறுதான் என்று பதில் வந்தது. நான் பொறுமையாக விளக்கினேன், நாங்கள் மால்டாக்காரர்கள், எங்கள் குழந்தை எதுவும் மாதாவின் மேல் கால் வைக்காது, தொட்டிலிலேயே கற்றுக்கொண்டு வருகிறது என்றேன். அப்போது அவள் கோலை மடக்கிக்கொண்டு சொன்னாள்: “மூணு வயசுக்கு அது மாதா இல்ல லெலி. படி.”

இதற்கு மேல் வாயால் பேசிப் பயனில்லை என்று, சிலை வழுக்கு வழுக்கென்று இருக்கிறது, வளர்ந்த ஆளே ஏற முடியாது, வேண்டுமானால் நான் ஏறிக் காட்டுகிறேன் என்றேன். ஏற முடியாமல் சறுக்கி விழுந்து காட்ட வேண்டும், அதுதான் திட்டம், நல்ல திட்டம். அது கெட்டது ஸ்பீருவால். மதிலுக்கு மேலே தலையை நீட்டி அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தவன், “பாவம், லெலிக்கு முட்டி போயிருச்சு, யாராவது ஏணி குடுங்கப்பா” என்றான். நாற்பது மாடிக் கட்டடத்துச் சாரத்தில் ஒற்றைக் கையால் தொங்கியவன் நான். கெபிக் கல்லில் ஒரு கால், மாதாவின் முந்தானை மடிப்பில் ஒரு கால், நீட்டிய கையில் ஒரு கால், வேலிக்கு அந்தப் பக்கம் குளத்தோரத்தில் பூனை மாதிரி இறங்கி நின்றேன். அறுபத்தெட்டு வயதில் இதைச் செய்ய இந்த நாட்டில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். ஸ்பீரு கைதட்டினான். கெய்லீன் எழுதினாள். சித்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள், பெருமை தாங்கவில்லை போலும்.

கெய்லீன் அன்றைக்குப் போய்விட்டாள். மாதாவை நகர்த்திவிடலாம், கிரேன் வைத்திருக்கும் ஆள் எனக்குத் தெரியும் என்று முயலை வெட்டிக்கொண்டிருந்த சித்தியிடம் சொன்னேன், கத்தி கையில் இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாது. “என் பிள்ளைக்காக வந்து நின்னவங்க லெலி அவங்க. அவ பிள்ளை வர்றான்னு அவங்களையே கிளப்பச் சொல்றியா?” என்றாள். அப்படியானால் லூக்கா மோட்டலில்தான் இருப்பான் என்றேன். அவள் முயலைச் சட்டியில் போட்டு மூடிவிட்டுப் போய்த் தன் அறையில் உட்கார்ந்துகொண்டாள். லூக்காவுக்கென்று அவள் வாங்கி வைத்திருக்கும் குட்டி நீச்சல் சட்டை கட்டிலில் விரித்து வைத்திருந்தது, சுறாமீன் படம் போட்டது. நான் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். வேலியைக் குளத்துப் பக்கம் தள்ள இடமில்லை. வீட்டுப் பக்கம் தள்ளலாம், மாதா குளத்தோடு உள்ளே போய்விடுவாள், வேலிக்கும் அவளுக்கும் தாராளமாக இடைவெளி கிடைக்கும். ஆனால் அப்படித் தள்ளினால் வேலி நான் பந்து உருட்டி விளையாடும் என் போச்சிக் களத்துக்கு நடுவே போகும். அந்தக் களத்து மண் நான் சலித்துப் போட்டு உருளை ஓட்டியது, அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கும், மால்டாவிலிருந்து வந்தவர்கள்கூட இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள் காலையில் அதன் நடுவிலேயே குழி தோண்டினேன். ஸ்பீரு கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தான், அப்புறம் அவனே கம்பத்தைப் பிடித்துக்கொண்டான், நேராகத்தான் பிடித்தான். சித்தி நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. அன்றைக்கு என் தட்டில் முயலின் இரண்டு தொடையும் இருந்தது.

கெய்லீன் மறுபடி வந்தாள். துளசி தள்ளியிருந்தது, பலகை கடைப் பலகை, கேட்டுக்குப் புது ஸ்பிரிங். அகலத் திறந்து விட்டாள், பாதியில் விட்டாள், ஒரு விரல் கனம் திறந்து விட்டாள், ஒவ்வொரு தடவையும் கேட் வந்து ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது. தாழ் அவ்வளவு உயரத்தில் இருப்பதால் சித்தி நுனிக்காலில் நின்றுதான் திறக்கிறாள், அதுவும் சட்டம். எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டாள். சான்றிதழின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், மாப்பிள்ளையிடமும் காட்டு. பிறகு தேநீர் குடித்துக்கொண்டே, இது சட்டத்தில் இல்லை, சும்மா கேட்கிறேன், வீட்டில் யாருக்கு நீச்சல் தெரியும் என்றாள். மால்டாவில் கோசோத் தீவிலிருந்து பக்கத்துத் தீவான கொமினோவுக்கு நான் கடலில் நீந்திப் போன கதையைச் சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் சித்தி, “இவருக்கா? தொப்பி நனையாத அளவுக்கு” என்றாள். கொமினோவுக்கு நான் போனது உண்மை, படகு கூடவே வந்தது, பெரும்பாலும் எனக்குக் கீழே. கெய்லீன் சிரிக்கவில்லை. “வேலி கொஞ்சம் நேரம்தான் வாங்கிக் குடுக்கும் லெலி. மிச்சத்த ஆளுதான் செய்யணும்” என்று சொல்லிவிட்டுக் கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதனால் இப்போது நான் நகராட்சிக் குளத்துக்குப் போகிறேன். காலை வகுப்பு, என்னோடு படிக்கிறவர்கள் எல்லோரும் ஆறு வயதுக்காரர்கள், வகுப்பிலேயே மூத்த மாணவன் நான்தான், அதனால் முன்வரிசை. சொல்லிக் கொடுக்கிற பெண், இப்படி ஒரு கால் உதையை இந்தக் குளம் கண்டதில்லை என்கிறாள், எந்த அர்த்தத்தில் என்று நான் கேட்கவில்லை. நேற்று நம் குளத்தில், ஆழமான பக்கத்தில், சித்தியிடம் ஒரு செங்கல்லைப் போடச் சொன்னேன். வெறும் கல்லைப் போடாமல் உள்ளே போய் அந்தச் சுறாமீன் சட்டையைக் கொண்டு வந்து, கல்லை அதற்குள் வைத்துக் கட்டிப் போட்டாள். மேலே நின்று பார்த்தால் நீலத்தில் அந்தச் சட்டைக் கை மட்டும் அசைந்தது. முதல் தடவை பாதியிலேயே மூச்சு முட்டி வந்துவிட்டேன். ஸ்பீருவிடம் இரண்டாவது தடவையிலேயே எடுத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். உனக்கு மட்டும் சரியானதை எழுதுகிறேன், ரோசான், ஏழாவது தடவை. எடுத்துக்கொண்டு வந்து கரையில் வைத்தேன், சித்தி கல்லை அவிழ்க்கவும் இல்லை, துண்டு தரவும் இல்லை. மறுபடியும் அதே இடத்தில் போட்டுவிட்டு, “இன்னொரு தடவை” என்றாள். எடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் குதித்த முதல் தடவையிலேயே எடுத்துவிடுவேன், நம்பு. வந்து கேட்டை நீயே இழுத்துப் பார், வேலியை நீயே ஏறிப் பார், திருப்தி இல்லையென்றால் மோட்டலுக்கு நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து விடுகிறேன், ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். மாதா உங்கள் மூன்று பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், பனியில் காதை மூடிக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை இருமலுக்குத் தேனை விட்டுவிட வேண்டாம். லூக்காவுக்கு மூன்று வயதுச் சட்டை சரியாக இருக்குமா, இல்லை இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டுமா என்று மறக்காமல் எழுது, இருக்கிற சட்டை தண்ணீரில் கிடந்து தளர்ந்துவிட்டது, சித்தி வேறு வாங்க வேண்டும் என்கிறாள்.

உன்னை வளர்த்த சித்தப்பா,
லெலி